ஓடாத காரிலும் கெடும் திரவம்

சர்வீஸ் சென்டர்களில் அடிக்கடி காதில் விழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. சூப்பர்வைசர் நீட்டிய வேலைப் பட்டியலில் ‘பிரேக் ஆயில் மாற்ற வேண்டும்’ என்ற வரியைப் பார்த்ததும் வண்டிக்காரரின் முகம் மாறும். “போன சர்வீஸுக்கு அப்புறம் வண்டி வெளியவே போகலையே சார், வாசல்லயேதான் நிக்குது. இதை எதுக்கு மாத்தணும்?” என்பார். “ரெண்டு வருஷம் ஆயிடுச்சு சார், கம்பெனி ரூல்” என்று சூப்பர்வைசர் முடித்துக்கொள்வார். கேட்டவருக்கு விளக்கம் எதுவும் கிடைத்திருக்காது. பில்லை ஏற்றுகிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் வலுத்திருக்கும்.

இந்த வழக்கில் தீர்ப்பு சூப்பர்வைசர் பக்கம்தான். டயர் ஓடினால் தேயும். எஞ்சின் ஆயில் ஓடினால் கருக்கும். பிரேக் திரவமோ நின்ற இடத்திலேயே கெடும். மூடி போட்ட டப்பாவுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் யாரும் தொடாமல் இருக்கும்போதே கெடும். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் போதும். அது தெரிந்துவிட்டால் எப்போது சோதிப்பது, எப்படி மாற்றுவது, மாற்றியதாகச் சொல்பவர் உண்மையிலேயே மாற்றினாரா என்பதையெல்லாம் நாமே கண்டுகொள்ளலாம்.

காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

சாலையில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் பிரேக் பெடலை மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை 4 மடங்காக்கினால் 80 கிலோ. அதன் முன்னால் இருக்கும் வட்ட வடிவப் பூஸ்டர், எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு அதை மேலும் 3 மடங்காக்கினால் 240 கிலோ. இந்த விசை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் விட்டம் 2 செ.மீ. என்றால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஆக, உள்ளிருக்கும் திரவத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 76 கிலோ அழுத்தம் ஏறுகிறது. டயரில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தத்தைவிட இது 30 மடங்குக்கும் அதிகம்.

முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் 5 செ.மீ. விட்டமுள்ள பெரிய பிஸ்டன் இருக்கிறது, பரப்பு 19.6 சதுர செ.மீ. அதே அழுத்தம் அங்கே சுமார் 1,500 கிலோ விசையாகி, பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் அமுக்குகிறது. வண்டிக்கு வண்டி அளவுகள் மாறும், ஆனால் எல்லாக் கார்களிலும் கணக்கின் போக்கு இதுதான்.

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் விதி. 1662-இல் அவர் இறந்தார்; இந்த விதியைச் சொல்லும் அவருடைய நூல் அடுத்த ஆண்டு அச்சானது. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இதை வைத்து நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். கார் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். விமானத் தொழிலில் பெயர் பெற்ற லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். 1921-இல் டியூசன்பெர்க் காரும் 1924-இல் கிரைஸ்லர் காரும் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வந்தன. கம்பியையும் தண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஃபோர்டு நிறுவனம் 1939 மாடலில்தான் இதற்கு இறங்கி வந்தது.

தொடக்க கால பிரேக் திரவத்தில் இருந்த முக்கியப் பொருள் நம் வீடுகளுக்குப் பழக்கமானது: ஆமணக்கு எண்ணெய். அதில் ஆல்கஹாலைக் கலந்து ஊற்றினார்கள். பெட்ரோலிய எண்ணெய் அன்றைய இயற்கை ரப்பர் வளையங்களை ஊதவைத்துக் கெடுத்தது. ஆமணக்கு எண்ணெய் கெடுக்கவில்லை. ஆனால் கடுங்குளிரில் ஆமணக்கு எண்ணெய் கெட்டிப்பட்டது, சூட்டில் ஆல்கஹால் சீக்கிரமே கொதித்தது. கார்களின் வேகமும் எடையும் கூடியபோது இந்தக் கலவையால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிளைக்கால் ஈதர் என்ற செயற்கைச் சேர்மங்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்று நம் கார்களில் ஓடுவது பெரும்பாலும் இவைதான்.

எந்தத் திரவமாக இருந்தாலும் பிரேக்குக்கு அதனிடம் வேண்டிய அடிப்படைக் குணம் ஒன்றுதான்: அமுக்கினால் சுருங்கக் கூடாது. திரவங்கள் அநேகமாகச் சுருங்குவதில்லை. வாயு சுருங்கும். குழாய்க்குள் வாயுக் குமிழ் சேர்ந்துவிட்டால், நாம் மிதிக்கும் மிதி சக்கரத்துக்குப் போகாமல் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

நின்றால் எங்கே போகும் வேகம்?

நான்கு பேர், கொஞ்சம் மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து ஒரு சிறிய கார் 1,200 கிலோ இருக்கும். அது மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். பிரேக் போட்டு நிறுத்தினால் இந்த ஆற்றலில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் டிரம்மிலும் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இதே அளவு வெப்பம்தான் வேண்டும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு இவ்வளவு.

மலையிறக்கத்தில் இந்தக் கணக்கு எங்கோ போய்விடும். அதே கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு இறங்கினால் அது இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பங்கு டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் கழியும். சரியான கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டிப் பாதையில் 36, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக் டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். முந்தைய சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கின் வெப்பம் பல நூறு டிகிரியைத் தொடும். அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக அதற்குப் பின்னால் நிற்கும் திரவத்துக்கும் போகிறது. அந்தத் திரவம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதுதான் அந்த நேரத்தில் குடும்பத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

தண்ணீர் வரும் வழி

கிளைக்கால் ஈதர் மூலக்கூறில் ஆக்சிஜன் அணுக்கள் பல இருக்கின்றன. நுனியில் ஹைட்ராக்சில் தொகுதியும் உண்டு. தண்ணீர் மூலக்கூறு பக்கத்தில் வந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு மூலம் அதைப் பற்றிக்கொள்ளும். காற்றில் ஈரம் இருக்கும் வரை இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத் துளை ஒரு வழி. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இன்னொரு வழி: வெளிப் பார்வைக்கு உறுதியாக, கசிவே இல்லாமல் இருந்தாலும் நீர் மூலக்கூறுகள் ரப்பரின் சுவரை மெல்லக் கடந்து உள்ளே போகின்றன. வண்டி ஓடுகிறதா, ஷெட்டில் கிடக்கிறதா என்பது இதற்குப் பொருட்டே இல்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் இருக்கிறது.

அப்படியானால் தண்ணீரை உறிஞ்சாத திரவத்தையே பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். சிலிக்கோன் திரவம் அப்படிப்பட்டதுதான். ஆனால் உள்ளே வரும் தண்ணீர் அதில் கரையாது. துளிகளாகத் திரண்டு, கனம் அதிகம் என்பதால் தாழ்வான இடத்துக்கு இறங்கும். பிரேக் அமைப்பில் தாழ்வான இடம் சக்கரம். சூடு அதிகமான இடமும் அதுதான். அங்கே தனித் தண்ணீர் நின்றால் 100 டிகிரியிலேயே கொதிக்கும், உலோகத்தையும் துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கோன் நுண்ணிய காற்றுக் குமிழ்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள கார்களுக்கு அது ஒத்துவராது. கிளைக்கால் ஈதர் தண்ணீரைத் தன்னுள் கரைத்துப் பரப்பி வைப்பதால் கெடுதல் மெதுவாக, கணக்கிடக்கூடிய வேகத்தில் நடக்கிறது. குறித்த காலத்தில் மாற்றிவிட்டால் ஆபத்தில்லை. மாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பொறியாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டாட் 3, டாட் 4 என்று டப்பா மூடியில் பொறித்திருக்கும் எண்கள் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தர வரிசை. ஒவ்வொரு தரத்துக்கும் இரண்டு கொதிநிலைகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, புதிதாகப் பிரித்த, ஈரமேறாத திரவத்துக்கு. இரண்டாவது, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த திரவத்துக்கு. டாட் 3 என்றால் புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரமேறிய பின் 140. டாட் 4 என்றால் 230, ஈரமேறிய பின் 155. டாட் 5.1 என்றால் 260, ஈரமேறிய பின் 180. டாட் 5 என்பது மேலே சொன்ன சிலிக்கோன், பெயர் 5.1-க்குப் பக்கத்தில் இருந்தாலும் முற்றிலும் வேறு பொருள், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

இந்த எண்களை ஒரு காரின் அளவில் பார்த்தால் விஷயம் உறைக்கும். பிரேக் அமைப்பில் அரை லிட்டர் திரவம் இருக்கிறது என்று கொண்டால், 3.7 சதவீதம் என்பது சுமார் 18 மில்லி தண்ணீர். நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. இந்தக் கொஞ்சத் தண்ணீர் டாட் 4 திரவத்தின் கொதிநிலையை 75 டிகிரி இறக்கிவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. பெடல் எப்போதும்போல் கெட்டியாக இருக்கும். கொல்லிமலையின் ஐம்பதாவது வளைவில்தான் தெரியவரும்.

பெடல் ஏன் தரை வரை போகிறது?

திரவம் கொதிக்கத் தொடங்கினால் முதலில் ஆவியாவது அதில் கரைந்திருக்கும் தண்ணீர். தண்ணீர் ஆவியாகும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பு 3.14 சதுர செ.மீ., அது நகரும் தூரம் 3 செ.மீ. என்றால், பெடலை முழுக்க மிதித்தாலும் 9 மில்லி சொச்சம் திரவத்தைத்தான் தள்ள முடியும். ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் 16 மில்லி இடத்தை அடைக்கும். ஒரு சொட்டைவிடச் சிறிய அளவு இது. குழாய்க்குள் ஆவி பிடித்த இடத்தை மறுபடி நிரப்புவதற்கே பெடலின் முழு ஓட்டமும் செலவாகிவிடுகிறது. பேடை அமுக்க எதுவும் மிச்சமில்லை. காலுக்குக் கீழே பெடல் தரை வரை போய்விடுகிறது.

மலையை முழுசாக இறங்கி முடித்த பிறகும் இது நேரலாம். அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறோம். ஓடும்போது டிஸ்க்கின்மேல் வீசிய காற்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் தேங்கிய சூடு போக வேறு இடமில்லாமல் கேலிப்பருக்குள் இறங்குகிறது. நின்ற சில நிமிடங்கள் கழித்துத்தான் திரவத்தின் வெப்பம் உச்சத்துக்குப் போகும். டீ குடித்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினால் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. “இறங்கும்போது நல்லாத்தானே பிடிச்சுது” என்று திகைப்பார்கள். அதனால் இறங்கிய பின் சமதளத்தில் ஒன்றிரண்டு கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் நிதானமாக ஓட்டிவிட்டு நிறுத்துவது நல்லது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். உலோகம் திடீரென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

நீலகிரிச் சாலைகளில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் அறிவிப்புகளுக்கு இதுவே காரணம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் விதி, இன்றைக்கும் செல்லும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கீழ்க் கியர் நிலைக்கோ மேனுவல் முறைக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் உண்டு. உண்மையில், எரிபொருளைப் பீய்ச்சி ஓடும் இன்றைய எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகக் கொஞ்சம் எரிக்கின்றன. அதாவது நியூட்ரலில் இறங்குபவர் பெட்ரோலையும் செலவழித்து, பிரேக்கையும் காய்ச்சுகிறார்.

பெடல் போய்விட்டால் செய்ய வேண்டியது: பெடலை விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதித்தால் டப்பாவிலிருந்து புதிய திரவம் உள்ளே போய்க் கொஞ்சம் பிடிமானம் திரும்பலாம். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கம்பியில் இயங்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் இந்தத் திரவத்துக்கும் தொடர்பில்லை. பொத்தானை அமுக்கியபடியே அதைச் சிறிது சிறிதாக இழுத்து வேகத்தைக் குறைக்கலாம்.

பானட்டைத் திறந்து பார்ப்போம்

சோதனையின் முதல் பகுதியை யாரும் வீட்டிலேயே செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் பானட்டைத் திறக்க வேண்டும். நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் டிரைவர் பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்பையொட்டி, பால் நிறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் பக்கவாட்டில் மேக்ஸ், மின் என்று இரு கோடுகள். மூடியைத் திறக்காமலே திரவத்தின் மட்டம் தெரியும். தெரியாவிட்டால் வண்டியை லேசாக ஆட்டினால் திரவம் அசைவது தெரியும். மூடியை அநாவசியமாகத் திறந்து பார்ப்பது ஈரத்தை வரவேற்பதாகும்.

மட்டம் மேக்ஸுக்கும் மின்னுக்கும் நடுவே இருந்தால் பயப்பட ஏதுமில்லை. பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. ஒரு முன் சக்கரத்தில் உள்ளும் புறமும் உள்ள இரு பேடுகளும் 8 மி.மீ. வீதம் தேய்ந்தால் கேலிப்பர் பிஸ்டன் 16 மி.மீ. முன்னே வந்திருக்கும்; அந்த இடத்தை நிரப்பச் சுமார் 31 மில்லி திரவம் வேண்டும். இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து 60 மில்லிக்கு மேல். இப்படி இறங்கியதைப் பார்த்து மேக்ஸ் வரை ஊற்றிவிட்டால், புதுப் பேட் போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திரவம் வழிந்து பெயின்ட்டை உரிக்கும். ஆகவே மட்டம் மெதுவாகக் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும். ஓரிரு வாரத்தில் சட்டென்று குறைந்தால் அது கசிவு. சக்கரத்தின் உட்புறத்திலும் பெடலுக்கு மேலேயும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் டேஷ்போர்டில் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் பொருளும் அநேகமாக இதுதான்.

அடுத்தது நிறம். புதுத் திரவம் நிறமற்றோ இளம் தேன் நிறத்திலோ இருக்கும். கரும்பழுப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிறிய நிறத்தை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் தண்ணீருக்கு நிறமில்லை.

ஈரத்தை அளக்க, பேனா வடிவிலான சோதனைக் கருவி பல பட்டறைகளில் இருக்கிறது. முனையைத் திரவத்தில் முக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் எரியும். இது மின்கடத்துத்திறனை வைத்து ஊகிக்கும் கருவி. திரவத்தின் வகைக்கேற்ப அளவு முன்பின்னாகும். சிவப்பு எரிந்தால் நம்பலாம். பச்சை எரிந்ததற்காக மூன்று ஆண்டு பழைய திரவத்தை விட்டுவைக்க வேண்டியதில்லை. மாதிரியைச் சூடாக்கிக் கொதிநிலையையே நேராகக் காட்டும் கருவிதான் நம்பகமானது. அது இல்லாத இடத்தில் நாட்காட்டியே நல்ல கருவி. பெரும்பாலான கார்களின் கையேடு 2 ஆண்டு என்கிறது, சில 3 ஆண்டு என்கின்றன. கிலோமீட்டர் கணக்கும் சேர்த்துத் தந்திருந்தால் எது முந்துகிறதோ அதைப் பின்பற்ற வேண்டும்.

மாற்றும் வேலை

எஞ்சின் ஆயில் சுற்றிச் சுற்றி ஓடும். பிரேக் திரவம் அப்படிச் சுற்றுவதில்லை. மிதிக்கும்போது சிறிது முன்னே நகர்ந்து, விட்டதும் பின்னே வரும். கேலிப்பருக்குள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதிகச் சூடு படுவதும் அதுவே. இதனால் மேலே டப்பாவில் உள்ளதை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றினால், பார்க்கப் பளிச்சென்று இருக்கும், காரியம் நடந்திருக்காது. சக்கரம் ஒவ்வொன்றுக்கும் போய், கேலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்து பழையதை வெளியேற்றினால்தான் அது மாற்றம். நிப்பிளின் ரப்பர் மூடியில் பல நாள் புழுதி அப்படியே படிந்திருந்தால் அங்கே யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சீல் பிரிக்காத புதுத் திரவம், மூடியில் என்ன டாட் எண் இருக்கிறதோ அதே தரத்தில், அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. நிப்பிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர். பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ. ஒளி ஊடுருவும் சிறிய டியூப், ஒரு பாட்டில், ஜாக்கி, ஸ்டாண்டு, கையுறை, கண் கண்ணாடி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடக் கூடாது.

முதலில் டப்பாவில் உள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதை நிரப்ப வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். நம் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் அது இடது பின் சக்கரம். பிறகு வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். குறுக்குச் சுற்றாகக் குழாய் பிரித்த வண்டிகளிலும் ஏபிஎஸ் வண்டிகளிலும் வரிசை மாறலாம். கையேடு சொல்வதே முடிவு.

நிப்பிள் எப்போதும் கேலிப்பரின் உச்சியில் இருக்கும், குமிழ்கள் மேலேறி வெளியேற வசதியாக. அதில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புதுத் திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள் அமிழ்த்த வேண்டும். இனி நடப்பது எல்லாப் பட்டறைகளிலும் கேட்கும் உரையாடல். சக்கரத்தருகே குந்தியிருக்கும் மெக்கானிக், “தம்பி, மிதி” என்பார். உள்ளே இருக்கும் பையன் மிதித்து, “பிடிச்சிருக்கேன் அண்ணே” என்பான். அவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். பழுப்புத் திரவம் டியூபில் ஓடும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே “விடு” என்பார். இந்த வரிசை பிசகி, நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் காற்று உள்ளே இழுக்கப்படும். டியூபில் குமிழில்லாமல் தெளிந்த திரவம் வரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் பெடலைத் தரை வரை அழுத்தாமல் இருப்பது நல்லது. மாஸ்டர் சிலிண்டரின் வழக்கமாகப் புழங்காத பகுதியில் படிந்திருக்கும் துரு ரப்பர் வளையத்தைக் கீறிவிடும்.

சில முறை மிதித்ததும் டப்பாவைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியானால் மேலிருந்து காற்று நுழையும். ஏபிஎஸ் அமைப்பின் நுண்ணிய வால்வுகளுக்குள் காற்று சிக்கிக்கொண்டால், கம்ப்யூட்டர் கருவியால் அந்த வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அண்மையில் வாங்கிய காரில் கை வைக்கும் முன் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அனுபவம் இல்லாதவர் இந்த வேலையை முதன்முறையாகத் தனியே செய்து பார்க்கக் கூடாது. மெக்கானிக் அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

முடிந்ததும் எஞ்சினைப் போடாமல் பெடலை அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டையாக, உயரத்திலேயே நிற்க வேண்டும். எஞ்சினைப் போட்டதும் பூஸ்டர் உதவியால் சிறிது இறங்கும், அது சரி. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தும் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. மெத்தென்றிருந்தால் காற்று மிச்சமிருக்கிறது. இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

எச்சரிக்கைகள் சில. எஞ்சின் ஆயிலோ மினரல் எண்ணெய் வகை பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறுதலாக டப்பாவுக்குள் விழுந்தால் பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் எல்லாம் உப்பிக் கெடும். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போக வேண்டும். திரவம் பெயின்ட்டில் சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். உள்ளே போனால் நஞ்சு. பழையதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, சாக்கடையிலும் கொட்டக் கூடாது. எடுத்த பழைய திரவத்தையோ, பல மாதங்களுக்கு முன் பிரித்த டின்னில் மிச்சமிருப்பதையோ மறுபடி வண்டியில் ஊற்றக் கூடாது. அந்த டின்னும் இத்தனை நாளாகக் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பள்ளி விடுமுறைக்கு மலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் டயரில் காற்றையும் டேங்கில் பெட்ரோலையும் பார்த்துவிட்டுக் கிளம்புகின்றன. அதோடு சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டி, பிரேக் திரவம் கடைசியாக மாற்றிய தேதியையும் பாருங்கள். தேதி எழுதப்படவில்லை என்றாலோ இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தாலோ, வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் மாற்றிவிட்டுப் போங்கள். மாற்றும்போது உடன் நின்று, நான்கு சக்கரத்திலும் நிப்பிள் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். புதுத் தேதியை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு முறை டேங்க் நிரப்பும் செலவுக்குள் அடங்கும் வேலை இது.